ஒரு வகையில் பரலோகம்

மரணத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு மனித இனம் தன் ஆகச் சிறந்த மூளைகளையெல்லாம் செலவிட்டிருக்கிறது. ஞானிகள் குகைகளில் உட்கார்ந்தார்கள். பேரரசர்கள் கோபுரம் எழுப்பினார்கள். நூலகங்கள் நிரம்பி வழிந்தன. விடை மட்டும் அகப்படவில்லை. கடைசியில் அது ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில், பார்வையாளர் நேரத்தில், ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருவரால் ஒரே வார்த்தையில் சொல்லப்பட்டது. சொன்ன சிறிது நேரத்துக்கெல்லாம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் படாத பாடு பட்டார்.

அவர் ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர்; கல்லூரியில் தத்துவப் பேராசிரியரும்கூட. ஞாயிற்றுக்கிழமை ஐயா, மற்ற நாட்களில் சார். சபையார் அவரைப் பெரிய படிப்பாளி என்று மதித்தார்கள், அதனால் அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை. கல்லூரியில் அவரைப் பெரிய பக்திமான் என்று மதித்தார்கள், அதனால் அங்கும் கவனிக்கவில்லை. ஒருமுறை பிரசங்கக் குறிப்பை வகுப்புக்கும் வகுப்புக் குறிப்பைப் பிரசங்க பீடத்துக்கும் மாற்றி எடுத்துப் போய்விட்டார். இரண்டு இடத்திலும் பாதி முடிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். சபையார் ஆமென் சொன்னார்கள்.

அவருடைய புத்தகம் ஒன்று வெளிவந்திருந்தது, தடிமனானது. 'கடவுள் இருக்கிறார்' என்பதில் உள்ள இருப்பும் 'குடை மூலையில் இருக்கிறது' என்பதில் உள்ள இருப்பும் ஒரே இருப்பா என்று அதில் ஆராய்ந்திருந்தார். முடிவுரையில், இந்தக் கேள்வி மிக முக்கியமானது என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

எதையும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவது அறிவுள்ளவன் செய்கிற காரியமல்ல என்பது அவருடைய கட்சி. அதனால் வாயைத் திறந்தால் முதலில் வருவது 'ஒரு வகையில்' என்ற வார்த்தைதான். மாணவர்கள் அவருக்கு ஒருவகை என்று பெயர் வைத்திருந்தார்கள். சபைக் கமிட்டியும் அதே பெயரை வைத்திருந்தது. இரண்டு தரப்புக்கும் தொடர்பு கிடையாது. காபியில் சர்க்கரை போதுமா என்று மனைவி கேட்டாலும் 'ஒரு வகையில்' என்பார். அந்தம்மா இன்னொரு கரண்டி போட்டுவிடுவார். ஞானஸ்நான ஆராதனை மட்டும் அவருக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதில் கேள்வி கேட்பது குருவானவர், பதில் சொல்ல வேண்டியது ஞானப்பெற்றோர். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது 'விசுவாசிக்கிறேன்' என்ற இடத்தில் லேசாக ஒரு இருமல் வரும். மருத்துவரிடம் காட்டியதற்கு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நெஞ்சில் கோளாறு வந்தது அவருடைய அக்காவுக்குத்தான். தாயில்லாத வீட்டில் அவருக்குத் தலை சீவி, மூக்குத் துடைத்து, பள்ளிக்கூடம் அனுப்பியவர். புருஷன் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, சில வருஷங்களுக்கு முன் காலமாகிவிட்டார். இப்போது அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று வார்டில் சேர்த்திருந்தார்கள். அக்கா ஒரு நிபந்தனை போட்டார்.

"டேய், கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு."

"இது வார்டுக்கா. கதவு கிடையாது."

"அப்ப திரையை இழு."

இழுத்தார். திரை மூன்று பக்கத்துக்குத்தான் வந்தது. நாலாவது பக்கத்தில் பக்கத்துக் கட்டில்காரியின் முகம் வந்தது.

"நீ ரெண்டு உத்தியோகம் பாக்கற. எதுலேருந்து வேணாலும் பதில் சொல்லு, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. நான் செத்து அங்க போனா உங்க அத்தானைப் பாப்பேனா, மாட்டேனா?"

"அக்கா, ஒரு வகையில..."

"அந்த வார்த்தைய எடுத்தேன்னா இந்த டம்ளர் தண்ணி உன் அங்கி மேலதான். அவரை அடக்கம் பண்ணின அன்னிக்கு என்ன சொன்ன? 'ஒரு வகையில் அவர் நம்மை விட்டுப் போய்விடவில்லை'ன்னு, அத்தனை பேர் முன்னாடி. அன்னியிலேருந்து எனக்கு மனசு சரியில்லடா. ஆமாவா இல்லையா. நீ அதைச் சொன்னப்புறம்தான் நான் ஆபரேஷனுக்கு சரின்னு சொல்லுவேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரி மூக்கை உறிஞ்சினார். "புருஷன்னா இப்படில்ல இருக்கணும்," என்று திரைக்கு வெளியே இருந்த நர்சிடம் சொன்னார். நர்சும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி வருவதற்குள் செய்தி அடுத்த வார்டுக்குப் போய்விட்டது.

அறுவை மருத்துவர் அவரை நடைபாதையில் நிறுத்தினார். "ஆபரேஷன் பண்ணலேன்னா ஜாக்கிரதையா இருந்து கொஞ்ச காலம் தள்ளலாம் சார். ஆனா எப்ப வேணாலும் நின்னுடும். பண்ணினா நல்லா இருப்பாங்க. ஆபத்தே இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை நேரம் ஒதுக்கியிருக்கேன். அதுக்குள்ள நீங்க பதிலைச் சொல்லிடுங்க."

"என்ன பதில எதிர்பாக்கறாங்கன்னுதான்..."

"இதுல என்ன சார் சந்தேகம்? அந்தம்மா முகத்தைப் பாத்தாலே தெரியுதே."

வேதத்தில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவருக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. பிறகு அந்தப் பகுதியைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். அதன் பிறகு அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது.

பேராயருக்குத் தொலைபேசியில் பேசினார்.

"இந்த விஷயத்தில் சபை மிகத் தெளிவாக இருக்கிறது," என்றார் பேராயர். தொலைபேசியிலும் அவர் பீடத்தில் நிற்பது போலத்தான் பேசுவார். "ஆம் என்பதே சபையின் நிலைப்பாடு."

"நீங்க என்ன நினைக்கறீங்க ஐயா?"

மறுமுனையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. "நான் சபையோடு இருக்கிறேன்."

"அதை அக்காகிட்ட சொல்லலாங்களா?"

"என் பெயரைச் சொல்ல வேண்டாம்."

தத்துவத் துறையில் மொத்தமே இரண்டு பேர். ஒரே அறை, ஒரே அலமாரி, ஒரே மின்விசிறி. மற்றவர் தர்க்கம் நடத்துபவர். எதைச் சொன்னாலும் 'இல்லை' என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் மாணவர்கள் அவருக்கு மறுப்பு என்று பெயர் சூட்டியிருந்தார்கள். கடவுள் இல்லை என்பதில் மறுப்புக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஆனால் அவருடைய வீடு தேவாலயத்தை ஒட்டிய அடுத்த வீடு. ஒலிபெருக்கி அவருடைய படுக்கையறை ஜன்னலைப் பார்த்து இருந்தது. குருவானவரின் பிரசங்கங்களை ஆரம்பம் முதல் கடைசி வரை விழித்திருந்து கேட்டவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான்.

"இல்ல, இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல," என்றார் மறுப்பு. "இல்லேன்னு சொல்லிடுங்க."

"நான் குருவானவர்."

"அப்ப ஆமான்னு சொல்லிடுங்க."

"நான் தத்துவம் படிச்சவன்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு வகுப்பு இருக்கு."

அன்று தன் வகுப்பில் குருவானவர் பாடத்தை ஒதுக்கிவிட்டு, 'ஆம்' என்ற சொல்லின் பொறுப்பைப் பற்றிப் பேசினார். ஆம் என்று சொல்கிறவன் உலகத்தின் மறுபாதியை மூடிவிடுகிறான் என்றார். அது அவருக்கே நன்றாக இருந்தது. நிறுத்தி இன்னொரு தரம் சொன்னார். முன்பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"

"ஒரு வகையில," என்றார் அவர். வகுப்பு முழுக்கப் பேனாவை மூடியது.

உலகத்தின் மறுபாதி எப்படியோ போகட்டும், அக்காவின் வால்வுக்கு வெள்ளிக்கிழமைதான் கெடு. அவர் ஆமாம் என்று சொல்வதென்றே முடிவு செய்தார். ஊர் முழுக்க அதைத்தான் எதிர்பார்த்தது: சபை, பேராயர், மருத்துவர், நர்ஸ், பக்கத்துக் கட்டில். அக்காவின் முகமும் அதைத்தான் எதிர்பார்த்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பழக்கமில்லாத வார்த்தை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். முதலில் அது கேள்வி போல வந்தது. பிறகு கொட்டாவி போல வந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆமா," என்றார் ஓங்கி.

"ஆமாவா?" என்றது மனைவியின் குரல் கதவுக்கு வெளியே. "நெசமாவா சொல்றீங்க?"

"என்னது?"

"சமையல்கட்டுக் குழாயை மாத்திடலாமான்னு போன வருஷத்துலேருந்து கேக்கறேன். இப்பதான் வாயைத் திறந்து ஆமான்னு சொல்லியிருக்கீங்க. பேச்சு மாறக்கூடாது. நான் குழாய்க்காரரை வரச் சொல்றேன்."

புதன்கிழமை அவர் வெள்ளை அங்கியை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, ஆரஞ்சுப் பழங்களோடு வார்டுக்குப் போனார். மனைவியும் கூடப் போனார். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நர்சுக்கு அந்த நேரத்தில் அங்கே வேலை இல்லை, ஆனாலும் ஒரு தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு நின்றார். எதிர்வரிசைக் கட்டிலில் இருந்தவருக்குத் தலையணையை உயர்த்தி வைத்திருந்தார்கள். திரையை இழுக்க ஒருவரும் முன்வரவில்லை.

"சொல்லுடா," என்றார் அக்கா.

"ஆமாக்கா. பாப்ப."

ஒரு பெருமூச்சு வார்டைச் சுற்றி வந்தது. அக்கா மட்டும் பெருமூச்சு விடவில்லை. அவரையே உற்றுப் பார்த்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அவரேதானா? ஆள் மாறி, கொஞ்சம் வேற மாதிரி ஆகியிருக்க மாட்டாரா?"

உறுதியாகப் பேசுவதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. முதல் தடவையாக மிதிவண்டியைக் கையை விட்டு ஓட்டுவது போல இருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை.

"அவரேதான்க்கா. ஒரு குறையும் இல்லாம, முழுசா."

"அந்தக் குரலோடயா?"

"அந்தக் குரலோட."

"பிரியறதே இல்லையா?"

"முடிவே கிடையாதுக்கா."

நர்ஸ் தேம்பினார். பக்கத்துக் கட்டில்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா தலையணையில் சாய்ந்து, கொஞ்ச நேரம் மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"என்னக்கா சொல்ற?"

"அங்க ஒருத்தரும் இல்லேன்னு சொல்லியிருந்தா துணிஞ்சு படுத்திருப்பேன். பொழைச்சா பொழைக்கறேன், போனா போறேன்னு. அவர் அங்க உக்காந்திட்டிருக்காருன்னா நான் எதுக்குடா அவசரப்படணும்? எவ்வளவு நாள் இழுக்க முடியுமோ இழுத்துக்கறேன். மாடிப்படி ஏறல. உப்பைக் குறைச்சுக்கறேன். கத்தியெல்லாம் வேண்டாம்."

வாதத்தில் ஓட்டை இல்லை. பேராசிரியர் தேடிப் பார்த்தார்.

"அத்தான் நல்ல மனுஷன்க்கா," என்றார் பலவீனமாக.

"நல்ல மனுஷன்தான். யாரு இல்லேன்னா? ஒரு நாள் கை ஓங்கினதில்ல, ஒரு நாள் குடிச்சதில்ல. ஆனா நான் வாயைத் திறந்தா திருத்துவாருடா. சமையல்கட்டுலேருந்து 'பால் பொங்குது'ன்னு கத்துவேன். 'பொங்குகிறது'ம்பார் கூடத்துலேருந்து. நான் 'பொங்குகிறது'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பால் அடுப்புல வழிஞ்சிருக்கும். ஒரு நாள், 'என்னங்க, நெஞ்சு வலிக்குது'ன்னேன். 'வலிக்கிறது'ன்னார். நானும் சொன்னேன். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டார்."

வார்டில் ஒருவரும் மூக்கை உறிஞ்சவில்லை.

"அவர் போனப்புறம்தான் நான் வாய்க்கு வந்தபடி பேசறேன். தப்புத் தப்பா பேசறேன். பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போறேன். எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா? இந்தக் கொஞ்ச நாள்தான் எனக்கு. அங்க போனா முடிவே கிடையாதுன்னு நீயே சொல்லிட்ட."

பக்கத்துக் கட்டில்காரி முகத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கினார். அவருடைய கண் காய்ந்திருந்தது. "ஐயா, எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காருங்களா?"

"அவர் எந்தச் சபை?" என்றார் குருவானவர், பழக்கதோஷத்தில். பிறகு அக்காவின் பக்கம் அவசரமாகத் திரும்பினார். "அக்கா, நான் சொன்னது நேரடி அர்த்தத்துல இல்ல. 'பார்ப்பது'ன்னா என்னன்னு முதல்ல பாக்கணும். ஒரு வகையில..."

"போடா. இத்தனை வருஷமா நீ பிரசங்கம் பண்ற, ஒரு வார்த்தைய நான் நம்பினதில்ல. ஒரு வகையில ஒரு வகையிலன்னா எவ நம்புவா? இன்னிக்குதான் என் கண்ணைப் பாத்து நேரா சொன்ன. இதை நான் நம்பறேன்."

அவருடைய நீண்ட ஊழியத்தில் ஓர் ஆத்துமாவை அசைக்க முடியாத விசுவாசத்துக்குக் கொண்டு வந்தது அதுவே முதல் தடவை.

நடைபாதையில் மருத்துவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? காலைல நல்லா இருந்தாங்க. நோயாளிகிட்ட போய் தத்துவம் பேசலாமா?"

"நான் தத்துவம் பேசல டாக்டர். அதனாலதான் இப்படி ஆயிடுச்சு."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நாளைக்குள்ள சரின்னு சொல்லலேன்னா வெள்ளிக்கிழமை வேற ஆளுக்குப் போயிடும். அந்த வால்வு அடுத்த முறை வரைக்கும் தாங்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் பேசினார். "ஜென்மத்துக்கும் ஒரு தடவ நேரா பேசினீங்க. அதை இன்னிக்குத்தானா பேசணும்? அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உங்களை மன்னிக்க மாட்டேன்." சற்று யோசித்து, "எந்த வகையிலயும்," என்று சேர்த்துக்கொண்டார்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட மறுப்பு, தானே வந்து பேசுவதாக முன்வந்தார். "இல்ல, நீங்க சும்மா இருங்க. பரலோகமே இல்லேன்னு நான் அந்தம்மாவுக்கு நிரூபிச்சுக் காட்டறேன். நீங்க பண்ணின சேதத்துக்கு அதுதான் மருந்து." தம்முடைய அக்காவின் உயிரைக் காப்பாற்றும் பொருட்டு ஒரு நாத்திகரை அழைத்துப் போய் அதே அக்காவின் விசுவாசத்தைக் கெடுப்பது குருவானவரின் கடமைகளில் வருமா என்று அவர் யோசித்தார். யாரிடமும் கேட்கவில்லை. பேராயரிடம் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை மறுப்பு கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் தர்க்கம் சொல்லிக் கொடுக்கறேம்மா. உங்க தம்பி சொன்னது தப்பு. செத்தா அவ்வளவுதான். விளக்கை அணைக்கற மாதிரி. அங்க ஒருத்தரும் கிடையாது."

"எங்க வீட்டுக்காரரும் இல்லையா?"

"இல்லவே இல்ல."

அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்புறம் அக்கா, "உங்களுக்கு அம்மா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார்.

"போன வருஷம்தான் தவறிட்டாங்க."

"அடப் பாவமே. அப்ப அவங்களும் எங்கயும் இல்லையா?"

மறுப்பு வாயைத் திறந்தார். 'இல்லை' என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல். தூக்கத்தில்கூடச் சொல்வார் என்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். அன்று அது வரவில்லை. ஸ்டூலின் விளிம்பைக் கையால் தடவினார்.

"எங்கம்மா வந்து..." என்றார். "அவங்க ஒரு வகையில..."

"சரியாப் போச்சு," என்றார் அக்கா. "இவனோட சேந்து நீங்களும் கெட்டுட்டீங்க."

மறுப்பு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பார்வையாளர் நேரம் முடிகிறது என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். குருவானவர் காலியான ஸ்டூலில் உட்கார்ந்தார். சொல்வதற்கு இரண்டு உத்தியோகத்திலும் ஒன்றும் மிச்சமில்லை. ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அக்கா சுளையை வாங்கிக் கொட்டையைத் துப்பினார்.

"ஏண்டா, அங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"இதுவரைக்கும் செத்தவங்க எல்லாரும்தான்."

"எல்லாரையுமா உள்ள விட்டுட்டாங்க?"

"அதுல சபைகளுக்குள்ள கருத்து வேறுபாடு இருக்கு. ஆனா எப்படிக் கணக்குப் போட்டாலும் பெருங்கூட்டம்தான்க்கா."

"இடம் போதுமா?"

"இடம் ரொம்பப் பெரிசு."

அக்கா சுளையை மெல்வதை நிறுத்தினார். "அவ்வளவு கூட்டத்துல அவர் என்னை எப்படிக் கண்டுபிடிப்பார்?"

"யாரையாவது கேட்டுத்தான்," என்று சொல்லிவிட்டு, அவரும் உரிப்பதை நிறுத்தினார்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தான் எங்கக்கா வழி கேட்டிருக்கார்?" என்றார் தம்பி மெதுவாக.

"கேக்கவே மாட்டார்டா!" அக்கா எழுந்து உட்கார்ந்தார். "கல்யாணமான புதுசுல அவங்க சித்தப்பா வீட்டுக்குன்னு கூட்டிட்டுப் போனார். கையில மூட்டை, உச்சி வெயில். ஒரே தெருவுல நாலு தடவ நடந்தோம். கடைக்காரர் ஒருத்தர் தானே வந்து, 'யார் வீட்டைத் தேடறீங்க'ன்னு கேக்கறார். 'நாங்கள் தேடவில்லை'ங்கறார் இவர். அப்படியே திரும்பி வந்துட்டோம். சித்தப்பா வீடு மாத்திட்டார்னு முடிவு பண்ணிட்டார். அவர் எங்கயும் மாத்தல. கடைசி வரைக்கும் அந்தத் தெருவுலயேதான் இருந்தார். நாங்கதான் அப்புறம் போகவே இல்ல."

"அப்படிப்பட்டவர் அங்க போய் மட்டும் கேட்டுருவாரா?"

"ஒருக்காலும் மாட்டார்."

"நீ போனதும் வாசல்லயே யாரையாவது கேட்டுக்க. தலைமையாசிரியர் எந்தப் பக்கம்னு. அதுக்கு எதிர்ப்பக்கமா போயிடு."

"ஏண்டா, அவரை ஒரேயடியா விட்டுட்டேன்னும் இருக்கக் கூடாது பாரு. எப்பவாவது தூரத்துலேருந்து ஒரு பார்வை பாத்துக்கலாமா? நல்லா இருக்காரான்னு?"

"பாத்துக்கலாம்."

"பேச வேண்டியதில்லையே?"

"வேண்டியதில்ல."

இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா, தர்க்கத்தில் இடம் உண்டா என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வெள்ளிக்கிழமை போயிருக்கும். அக்கா இன்னொரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்த டாக்டரை வரச் சொல்லு," என்றார். "எனக்கு பயமில்ல. நீங்க என்ன வேணா அறுத்துக்கங்கன்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை அவருக்கு ஒரு வகுப்பு இருந்தது. அதை எடுத்துவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். மனைவி முன்னதாகவே போய்விட்டார். அங்கியைக் கண்டதும் காவலாளி கதவை அகலத் திறந்தார். ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மின்தூக்கியிலிருந்து ஒரு முதியவர் இறங்கிக்கொண்டு அவருக்கு இடம் கொடுத்தார். நீண்ட நடைபாதையின் கோடியில் இரட்டைக் கதவு. மேலே சிவப்பு விளக்கு. உள்ளேயிருந்து இயந்திரங்களின் ஓசை. இதயத்தை நிறுத்திவிட்டு அதன் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைப்போம் என்று மருத்துவர் முன்னமே சொல்லியிருந்தார். குருவானவர் அங்கேயே தரையில் முழங்காலிட்டார்.

அவர் அப்படி ஜெபித்ததில்லை. வாக்கியங்கள் குறுகி வந்தன. நிபந்தனைகள் உதிர்ந்துபோயின. 'ஆண்டவரே, அக்காவைக் காப்பாற்றும்' என்று சொன்னார். அதில் எந்த இடத்திலும் இருமல் வரவில்லை. உள்ளே இயந்திரம் சீராக ஓடும்போது அவருடைய மனமும் சீராக இருந்தது. திடீரென்று அது வேகமெடுத்துக் கதவே அதிர்ந்தபோது அவர் தரையில் நெற்றியை வைத்துக் கதறினார். அது முற்றிலும் நின்றபோது அவருக்கும் மூச்சு நின்றது. மறுபடி மெல்லச் சுழலத் தொடங்கியபோது வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னார். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். ஒரு பெண்மணி கைக்குழந்தையோடு பக்கத்தில் முழங்காலிட்டார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். யாரும் அவரைக் கலைக்கத் துணியவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புது வால்வு ஒழுங்காக மூடித் திறந்தது. மாலையில் அக்கா கண் விழித்து, தொண்டை கரகரக்க, "அவன் எங்க?" என்று கேட்டார். "ஜெபத்துல இருக்காராம். கீழ ஒரே கூட்டமாம்," என்றார் மனைவி.

அவர் ஜெபித்துக்கொண்டிருந்தது மருத்துவமனையின் சலவை அறைக்கு முன்னால்.